லினக்ஸ் பூட் ஆகும்போதே டிரைவர் மாட்யூல் ஏற வேண்டுமா? பெயரை எழுதும் முன் பார்க்க வேண்டியவை

வைஃபை வரவில்லை, சவுண்ட் கார்டைக் காணோம், மதர்போர்டின் ஃபேன் வேகம் தெரியவில்லை. லினக்ஸில் இப்படி ஏதாவது நேர்ந்தால் பலரும் உடனே செய்வது, மாட்யூலின் (லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டு) பெயரைத் தேடிப் பிடித்து /இடிசி/மாட்யூல்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து ரீபூட் போடுவது. சில நேரம் சரியாகிவிடும். பெரும்பாலும் ஆகாது. அந்த வரி உண்மையில் தேவைப்படும் சாதனங்கள் மிகக் குறைவு. மற்றவை தாமாகவே ஏற வேண்டியவை. தானாக ஏற வேண்டியது ஏறவில்லை என்றால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பெயரை எழுதிவைப்பதால் தடை விலகாது. ஆகவே முதல் வேலை தடை எங்கே என்று பார்ப்பது.

இங்கே டெபியன், உபுண்டு, மின்ட் முறையைத்தான் முதன்மையாகச் சொல்கிறோம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால் அதற்கும் இது பொருந்தும். ஃபெடோராவும் ஆர்ச்சும் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியே சொல்வோம்.

தானாக ஏறுவது எப்படி

பிசிஐ, யூஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் எண், மாடல் எண் என இரண்டு உண்டு. பல மதர்போர்டுகளில் இருக்கும் ரியல்டெக் கிகாபிட் லேன் சிப்புக்கு அது 10இசி:8168. கர்னல் அந்தச் சிப்பைக் கண்டதும் இந்த எண்களைக் கோத்து 'மாட்அலையஸ்' என்ற ஒரு சரத்தை வெளியிடும். யூடெவ் என்ற பின்னணி நிரல் அதை வாங்கி, இதற்கு எந்த மாட்யூல் என்று தேடும். விடை, /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குள் உங்கள் கர்னல் பதிப்பின் பெயரில் இருக்கும் அடைவில், 'மாட்யூல்ஸ்.அலையஸ்' என்ற பட்டியலில் இருக்கிறது. அங்கே ஆர்8169 என்று கிடைத்ததும் மாட்யூல் ஏறிவிடும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது 'டெப்மாட்'. மாட்யூல் கோப்பு ஒன்றைக் கையால் நகலெடுத்து அங்கே போட்டுவிட்டு 'சுடோ டெப்மாட் -ஏ' ஓட்ட மறந்தால், கோப்பு இருந்தும் இல்லாதது போலத்தான்.

எனவே எந்தக் கோப்பையும் திறக்கும் முன் இதை ஓட்டுங்கள்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

உங்கள் சாதனத்தின் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஏறிச் சாதனத்தைப் பிடித்துக்கொண்டது. கோளாறு வேறு இடத்தில்: ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்றப்படும் மென்பொருள்), ஆர்எஃப்கில் பூட்டு (வைஃபையை அணைத்துவைக்கும் அமைப்பு), நெட்வொர்க் அமைப்பு என்று தேடுங்கள். 'கர்னல் மாட்யூல்ஸ்' வரி மட்டும் இருந்தால் மாட்யூல் வட்டில் இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை. ஒன்று யாரோ தடுத்திருக்கிறார்கள், அல்லது ஏறப் பார்த்துத் தோற்றிருக்கிறது. இரண்டு வரியும் இல்லை என்றால் இந்தக் கர்னலில் அந்தச் சாதனத்துக்கு டிரைவரே இல்லை. புதிய கர்னலோ டிகேஎம்எஸ் (வெளி மாட்யூலை உங்கள் கர்னலுக்குக் கட்டித் தரும் கருவி) தொகுப்போதான் வழி. யூஎஸ்பி சாதனத்துக்கு 'எல்எஸ்யூஎஸ்பி -டி' ஓட்டி, 'டிரைவர்=' என்பதற்குப் பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து கையால் ஏற்றிப் பாருங்கள்:

சுடோ மாட்புரோப் -வி ஆர்8169
சுடோ டிமெசெக் | டெயில் -என் 30

இரண்டாவது கட்டளை கர்னலின் கடைசிச் செய்திகளைக் காட்டும். கையால் ஏறாதது பூட்டிலும் ஏறாது. இந்த இரண்டு கட்டளைக்கும் விடை தெரியாமல் பூட் கோப்புகளில் கை வைப்பது வீண் வேலை. கையால் ஏறி, ரீபூட்டுக்குப் பின் மட்டும் ஏறவில்லை என்றால்தான் இது பூட் சிக்கல்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'எல்எஸ்மாட்' பட்டியலில் பெயர் இல்லை என்பதால் டிரைவர் இல்லை என்று ஆகாது. கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவை அதில் வராது. 'மாட்இன்ஃபோ' கட்டளையில் கோப்பின் பெயர் வரும் இடத்தில் 'பில்ட்இன்' என்று காட்டினால் ஏற்ற வேண்டியது எதுவும் இல்லை.

பெயரை எழுதியே ஆக வேண்டியவை

எண்ணைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டாதவற்றுக்குத்தான் இது வேண்டும். மதர்போர்டு சென்சார் சிப்புக்கான என்சிடி6775, ஐ2சி பஸ்ஸை நிரல்களுக்குத் திறந்துவிடும் ஐ2சி-டெவ், வன்பொருளே இல்லாத போலிச் சவுண்ட் கார்டான எஸ்என்டி-அலூப், கன்டெய்னர் நெட்வொர்க்குக்கு வேண்டிய பிஆர்_நெட்ஃபில்டர் ஆகியவை அந்த வகை. சென்சார் விஷயத்தில் ஊகிக்க வேண்டாம். எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி 'சுடோ சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டினால் எந்த மாட்யூல் என்று அதுவே சொல்லும்.

/இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி/ அடைவில் ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயர் எதுவானாலும் முடிவு '.கான்ஃப்' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். உள்ளே ஒரு வரியில் ஒரு மாட்யூல்:

# மதர்போர்டு சென்சார்
என்சிடி6775

அவ்வளவுதான். கோப்பின் முழுப் பாதை வேண்டாம், '.கேஓ' என்ற முடிவு வேண்டாம், ஒரே வரியில் இரண்டு பெயர் கூடாது. நடுக்கோடு, அடிக்கோடு இரண்டும் இங்கே ஒன்றே. டெபியனில் /இடிசி/மாட்யூல்ஸ் கோப்பும் இதே அடைவிலிருந்து இணைக்கப்பட்டிருப்பதால், பழைய பழக்கத்தில் அங்கே எழுதினாலும் படிக்கப்படும். தனிக் கோப்பாக வைத்தால் பின்னால் நீக்குவது சுலபம்.

ரீபூட் செய்யாமலே சோதிக்கலாம்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோட்
ஜர்னல்சிடிஎல் -பி -யூ சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோட்

ஒரு பெயர் தவறினால் அந்தச் சர்வீஸ் சிவப்பில் 'ஃபெயில்டு' என்று நிற்கும். மற்ற மாட்யூல்கள் ஏறியிருக்கும், பதற வேண்டியதில்லை. எந்தப் பெயரில் தவறு என்று ஜர்னலில் இருக்கும்.

என்சிடி6775 ஏறும்போது 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி' என்று நின்று, டிமெசெக்கில் ஏசிபிஐ மோதல் பற்றிய எச்சரிக்கை வந்தால், பயாஸும் அதே சிப்பின் முகவரியை உரிமை கொண்டாடுகிறது என்று பொருள். கர்னல் வரியில் (பூட்டின்போது கர்னலுக்குக் கொடுக்கப்படும் ஆப்ஷன் வரி; எழுதும் இடம் கீழே வரும்) 'ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ்' சேர்த்தால் ஏறிவிடும். ஆனால் பயாஸும் டிரைவரும் ஒரே நேரத்தில் சிப்பைத் தொடும் வாய்ப்பு அப்போது திறந்துவிடும். வெப்பநிலை பார்க்கும் ஆசைக்காக ஒரு சர்வரில் இதைச் செய்வது சரியில்லை என்பது எங்கள் கருத்து.

ஆப்ஷன்களுக்கு வேறு கோப்பு

மிக அதிகமாக நடக்கும் தவறு இது. மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்பில் 'எஸ்என்டி-அலூப் இண்டெக்ஸ்=5' என்று எழுதினால், முழு வரியையும் மாட்யூல் பெயராக எடுத்துக்கொண்டு அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். ஆப்ஷன்கள் /இடிசி/மாட்புரோப்.டி/ அடைவில், இதுவும் '.கான்ஃப்' முடிவோடு, இந்த வடிவில் இருக்க வேண்டும்:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-அலூப் இண்டெக்ஸ்=5

அந்த 5 எதற்கு? மாட்யூல்ஸ்-லோட் வேலை பூட்டின் தொடக்கத்திலேயே நடக்கிறது. உண்மையான சவுண்ட் கார்டின் டிரைவரை யூடெவ் கொண்டுவருவதற்குள் போலிக் கார்டு முந்திக்கொண்டு 0 என்ற எண்ணைப் பிடித்துவிடலாம். '0-ஆவது கார்டுக்கு அனுப்பு' என்று அமைக்கப்பட்ட நிரல்கள் அதற்குப் பின் ஒலியைப் போலிக் கார்டுக்கு அனுப்பும். பிழைச் செய்தி வராது, ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருக்கும். எண்ணை 5 என்று கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. 'கேட் /ப்ரோக்/அசவுண்ட்/கார்ட்ஸ்' ஓட்டினால் யார் எந்த எண்ணில் என்று தெரியும்.

சிலர் இதற்கு 'சாஃப்ட்டெப் எஸ்என்டி-அலூப் ப்ரீ: எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல்' என்று வரிசையைக் கட்டுவார்கள். சாஃப்ட்டெப் மாட்யூல் ஏறும் வரிசையைத்தான் உறுதி செய்யும். ஏறிய டிரைவர் சாதனத்தைத் தயார்செய்து முடித்துவிட்டதா என்பதை அல்ல. எண்ணைக் கட்டுவதே நம்பகமானது. கோப்புகளுக்கு 10-, 20- என்று முன்னொட்டு வைத்து வரிசைப்படுத்துவதை நம்பவும் வேண்டாம்.

கொடுத்த ஆப்ஷன் உண்மையில் எடுபட்டதா என்று /சிஸ்/மாட்யூல்/ அடைவில் மாட்யூலின் பெயருக்குள், 'பேராமீட்டர்ஸ்' அடைவில் பார்க்கலாம். அங்கே பெயர்கள் எப்போதும் அடிக்கோட்டுடன்தான். எழுத்துப் பிழையோடு ஆப்ஷன் கொடுத்தால் மாட்யூல் ஏறிவிடும், ஆப்ஷன் மட்டும் தள்ளப்படும். 'அன்னோன் பேராமீட்டர்… இக்னோர்டு' என்று டிமெசெக்கில் ஒரு வரி கிடக்கும். கர்னலுக்குள் கட்டப்பட்ட டிரைவருக்கு மாட்புரோப்.டி கோப்பு செல்லாது. அதற்குக் கர்னல் வரியில் மாட்யூல் பெயர், புள்ளி, ஆப்ஷன், சமக்குறி, மதிப்பு என்று இடைவெளியில்லாமல் எழுத வேண்டும்.

இனிட்ராம்எஃப்எஸ்: மாற்றியும் மாறாததன் காரணம்

கோப்பைத் திருத்தியாயிற்று, ரீபூட்டும் ஆயிற்று, பழையபடியே நடக்கிறது என்றால் பத்தில் எட்டு நேரம் குற்றவாளி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ரூட் பார்ட்டிஷனைத் திறப்பதற்கு முன் கர்னல் ஒரு சிறிய மூட்டையை நினைவகத்தில் விரித்து அதிலிருந்து ஓடுகிறது. வட்டு, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் பல அங்கிருந்தே ஏறிவிடும். நீங்கள் திருத்திய /இடிசி கோப்பு அப்போது திறக்கப்படவே இல்லை. மூட்டை கட்டிய நாளில் இருந்த நகலைத்தான் அது படிக்கிறது. எனவே மாட்புரோப்.டி-யில் எதை மாற்றினாலும் மூட்டையைத் திரும்பக் கட்டுங்கள்:

சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ

இது ஒரே ஒரு கர்னலுக்கு, வழக்கமாகப் புதியதற்கு மட்டும் கட்டும். எல்லாவற்றுக்கும் வேண்டுமானால் '-கே ஆல்' சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு பழைய கர்னலின் மூட்டையைத் தொடாமல் விட்டுவைப்பது நல்லது. புதியது பூட் ஆகாமல் போனால் கிரப் மெனுவில் (பூட்டின் தொடக்கத்தில் கர்னலைத் தேர்ந்தெடுக்கும் திரை) அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வர முடியும். ஃபெடோராவில் 'சுடோ டிராகட் -எஃப்'. ஆர்ச்சில் 'சுடோ எம்கேஇனிட்சிபிஐஓ -பி', அந்த 'பி' ஆங்கிலப் பெரிய எழுத்து.

மூட்டைக்குள் ஒரு மாட்யூல் கட்டாயம் வேண்டுமானால் டெபியன் வகையில் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் பெயரை எழுதுங்கள். விசித்திரம் என்னவென்றால், இந்தக் கோப்பில் பெயருக்குப் பக்கத்திலேயே ஆப்ஷனையும் எழுதலாம். ஃபெடோராவில் /இடிசி/டிராகட்.கான்ஃப்.டி/ அடைவில் 'ஏட்_டிரைவர்ஸ்+=" விஎம்டி "' என்ற வரி; மேற்கோளுக்குள் பெயரின் இரு பக்கமும் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சேர்ந்துவிட்டதா என்று டெபியனில் 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'எல்எஸ்இனிட்ஆர்டி' கொண்டு பட்டியலிட்டு, கிரெப்பில் வடிகட்டிப் பாருங்கள்.

இது உண்மையில் கடிக்கும் இடம் வட்டை வேறு கணினிக்கு மாற்றும்போது. /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் 'மாட்யூல்ஸ்=டெப்' (இதில் 'மாட்யூல்ஸ்' ஆங்கிலப் பெரிய எழுத்து) என்று இருந்தால், மூட்டையில் அந்தப் பழைய கணினிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டுமே இருக்கும். புதிய லேப்டாப்பில் பயாஸ் இன்டெல் விஎம்டி-யை (என்விஎம்இ வட்டுகளைத் தன் பின்னால் வைத்துக்கொள்ளும் வசதி) இயக்கி வைத்திருந்தால், விஎம்டி மாட்யூல் ஏறாமல் என்விஎம்இ வட்டே கண்ணுக்குத் தெரியாது. திரையில் 'அலர்ட்! யூயூஐடி… டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று வந்து இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் நிற்கும். அங்கேயே 'மாட்புரோப் விஎம்டி' அடித்து, 'எல்எஸ் /டெவ்' மூலம் வட்டு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் 'எக்ஸிட்' அடித்தால் பூட் தொடரும். உள்ளே போனதும் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்று மாற்றி மூட்டையைக் கட்டிவிடுங்கள். மாட்யூலே இல்லை என்றால் லைவ் யூஎஸ்பி-யில் பூட் செய்து, சிஹெச்ரூட் (வட்டில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழையும் கட்டளை) வழியாக உள்ளே போய்க் கட்ட வேண்டும், அல்லது பயாஸில் விஎம்டி-யை அணைக்க வேண்டும். அதே வட்டில் விண்டோஸும் இருந்தால் பயாஸில் கை வைக்க வேண்டாம். அது பூட் ஆகாமல் போகலாம்.

மூட்டை கட்டும்போது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று வந்தால் கண்டுகொள்ளாமல் ரீபூட் செய்துவிடாதீர்கள். /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து பழைய கர்னல்களால் நிறைந்திருக்கிறது. 'டிஎஃப் -ஹெச் /பூட்' பார்த்து, 'சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' ஓட்டி இடம் பண்ணிய பிறகு திரும்பக் கட்டுங்கள்.

தடுத்தலும் தடை நீக்கலும்

'பிளாக்லிஸ்ட் நூவோ' என்று மாட்புரோப்.டி-யில் எழுதினால் நூவோ (என்விடியா கார்டுகளுக்கான திறந்தமூல டிரைவர்) ஏறவே ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சொல் தடுப்பது, எண்ணை வைத்துத் தானாக ஏறுவதை மட்டும். யாராவது பெயர் சொல்லி அழைத்தாலோ, வேறொரு மாட்யூலுக்கு அது தேவைப்பட்டாலோ ஏறிவிடும். இன்னும் உறுதியாகத் தடுக்க 'இன்ஸ்டால் பிசிஸ்பிகேஆர் /பின்/ஃபால்ஸ்' என்ற வடிவம் உண்டு. அதையும் மிஞ்சியது கர்னல் வரியில் 'மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=' என்று எழுதி, பெயர்களைக் காற்புள்ளியால் பிரித்துக் கொடுப்பது. அங்கே கர்னலே மறுப்பதால் எந்தக் குறுக்கு வழியும் செல்லாது.

திரை கறுத்துப் போய் உள்ளே வர முடியாத நிலைக்கும் இதுவே கை கொடுக்கும். கிரப் மெனுவில் 'ஈ' எழுத்துக்கான விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும். நிலையாக வேண்டுமானால் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் எழுதி 'சுடோ அப்டேட்-கிரப்'.

மறுபக்கமும் உண்டு: நீங்கள் எழுதாத தடை. பிராட்காம் வைஃபைக்கான பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் தொகுப்பு, பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ மாட்யூல்களைத் தடுத்து ஒரு கோப்பு வைக்கிறது. தொகுப்பை 'ஏபிடி ரிமூவ்' கொண்டு நீக்கினால் /இடிசி-யில் இருக்கும் அமைப்புக் கோப்பு அப்படியே தங்கும். பிறகு பி43 ஏன் ஏறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஏபிடி பர்ஜ்' கொடுத்தால் அதுவும் போகும். யார் தடுத்தது என்று பார்க்க:

மாட்புரோப் --ஷோகான்ஃபிக் | கிரெப் பிளாக்லிஸ்ட்

ஏறாமல் நிற்கும்போது அது என்ன சொல்கிறது

'மாட்யூல் நாட் ஃபவுண்ட் இன் டைரக்டரி' என்றால், செய்தியில் வரும் கர்னல் பதிப்பைக் கவனியுங்கள். உங்கள் மாட்யூல் வேறு பதிப்பின் அடைவில் இருக்கும். 'நோ சச் டிவைஸ்' என்றால் மாட்யூல் நலம். அது தேடும் வன்பொருள் இல்லை அல்லது பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது. 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' பெரும்பாலும் வேறு கர்னலுக்குக் கட்டிய மாட்யூல். 'மாட்இன்ஃபோ' காட்டும் 'வெர்மேஜிக்' வரியை 'யூநேம் -ஆர்' விடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 'அன்னோன் சிம்பல்' வந்தால், சார்ந்திருக்கும் மாட்யூலை விட்டுவிட்டு இன்ஸ்மாட் போட்டிருப்பீர்கள். இன்ஸ்மாட் சார்புகளைத் தேடாது, மாட்புரோப் தேடும்.

டிமெசெக்கில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்… ஃபெயில்டு வித் எரர் -2' என்று இருந்தால் ஃபர்ம்வேர் கோப்பு /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இல்லை. டெபியனில் ஏபிடி மூலப்பட்டியலில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-ரியல்டெக், ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை போன்ற தொகுப்பை நிறுவுங்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அந்தப் பகுதி தனியாக இருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் 'நான்-ஃப்ரீ' என்று மட்டும் இருக்கும். இன்டெல் வைஃபையில் இந்த -2 செய்தி ஒன்றிரண்டு வந்தால் அஞ்ச வேண்டாம். அந்த டிரைவர் புதிய எண்ணுள்ள ஃபர்ம்வேரிலிருந்து தொடங்கி இறங்கிக்கொண்டே தேடும்; கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' வந்ததா என்பதே கணக்கு.

டிகேஎம்எஸ், செக்யூர் பூட்

கர்னல் அப்டேட்டுக்கு மறுநாள் வைஃபையோ என்விடியாவோ போய்விட்டால் முதலில் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். டிகேஎம்எஸ் 2003-இல் டெல் நிறுவனத்தில் உருவானது. கர்னல் மாறும்போதெல்லாம் வெளி மாட்யூலைத் தானே திரும்பக் கட்டித் தருவது அதன் வேலை. ஓடும் கர்னலின் பதிப்புக்கு நேரே 'இன்ஸ்டால்டு' இல்லை என்றால் ஹெடர் கோப்புகள் (மாட்யூல் கட்டத் தேவையான கர்னல் கோப்புகள்) வரவில்லை என்பதே வழக்கமான காரணம். ஹெடரைப் பதிப்பு எண்ணோடு நிறுவினால் அடுத்த அப்டேட்டில் மீண்டும் இதே கதை. டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் என்ற பொதுத் தொகுப்பை நிறுவுங்கள். அது கர்னலோடு சேர்ந்து நகரும். பின் 'சுடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்'. ஹெடர் இருந்தும் கட்டாமல் தோற்றால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவில் அந்த மாட்யூலுக்குள் 'மேக்.லாக்' இருக்கும். பிழையை அதில் தேடுங்கள். மாட்யூலின் மூலநிரல் பழையதாகி, புதிய கர்னலோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

கட்டியும் ஏறாமல் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் செக்யூர் பூட் (நம்பும் சாவியால் கையெழுத்திட்டதை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) மாட்யூலின் கையெழுத்தை ஏற்கவில்லை. 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' உறுதிப்படுத்தும். பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது குறுக்கு வழி. சாவியைப் பதிவு செய்வது சரியான வழி, ஐந்து நிமிட வேலை:

சுடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப்

இது டெபியனில். உபுண்டுவில் சாவி /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/ அடைவில் 'மோக்.டெர்' என்று இருக்கும். அந்தக் கோப்புப் பெயரில் 'மோக்' மட்டும் பெரிய எழுத்து. ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் ஒரே ஒரு முறை தேவைப்படும் சொல் என்பதால் எளிய எழுத்துகளும் எண்களும் போதும். அந்த நேரத்தில் விசைப்பலகை அமைப்பு வேறாக இருக்கலாம் என்பதால் சிறப்புக் குறிகளைத் தவிருங்கள். ரீபூட் செய்ததும் நீலத் திரை வரும். சில விநாடிகளுக்குள் ஏதாவது விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல், 'ரீபூட்' என்று போங்கள். திரையைத் தவறவிட்டால் இம்போர்ட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஆர்ச் பயன்படுத்துவோருக்கு மட்டும் ஒன்று. அங்கே பேக்மேன் கர்னலைப் புதுப்பித்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கர்னலின் மாட்யூல் அடைவு நீக்கப்படுகிறது. ஏற்கெனவே ஏறியவை ஓடும். புதிதாக எதுவும் ஏறாது. அப்டேட் முடிந்த கையோடு பென்டிரைவ் செருகி அது தெரியவில்லை என்றால் எந்தக் கோப்பையும் திருத்த வேண்டாம், ரீபூட் செய்தால் போதும்.